வண்டி வரும் என்னும் சொல்

மக்கள் ஒருவர்க்கொருவர் வழங்கும் உறுதிமொழிகளுள், கையெழுத்தின்றியும் சான்றாளரின்றியும் நாள்தோறும் பல இலக்கம் பேர்க்கு ஒருங்கே வழங்கப்பெறுவது ஒன்று உண்டு. அது புகைவண்டியின் கால அட்டவணையே. இன்ன வண்டி இன்ன ஊரினின்று இன்ன மணிக்குப் புறப்பட்டு, இன்ன ஊரை இன்ன மணிக்கு அடையும் என்பது அதன் வாசகம். அவ்வொரு வரியை நம்பியே ஒருவர் தம் மகளின் திருமணத்திற்கு உறவினரை அழைக்கின்றார். ஒருவர் வேலைக்கான நேர்முகத்திற்குப் புறப்படுகின்றார். மற்றொருவர் நோயுற்ற தாயை நகரத்து மருத்துவரிடம் கொண்டு செல்கின்றார். இவ்வுறுதிமொழி எத்துணை நம்பத்தக்கது, அது நம்பத்தக்கதாதற்கு வேண்டுவன யாவை என்பனவற்றை, ஆண்டுக்கு நான்கைந்து முறை இரவு வண்டியேறி ஊர் செல்லும் மாணாக்கர் என்னும் உரிமை பற்றி, ஈண்டுச் சிறிது ஆராயப் புகுகின்றோம்.

'புகைவண்டி' என்று யாம் எழுதுதல் கண்டு நகுவாரும் இருப்பர். நிலக்கரிப் புகை போய் டீசல் வந்து, டீசலும் போய் இன்று மின்சாரமே எம் வண்டியை இழுக்கின்றது. ஆயினும் பழம்பெயர் நின்றுவிட்டது. காரணப்பெயராய்ப் பிறந்தது இடுகுறிப்பெயராய் வாழ்கின்றது என இலக்கணம் கூறி அமைதலன்றி, வேறு விடை எம்மிடம் இல்லை.

இந்தியாவில் முதற்பயணி வண்டி 1853-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் நாள் பம்பாயினின்று தாணாவுக்கு ஓடிற்று. தென்னாட்டின் முதல் வண்டி 1856-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் சென்னை இராயபுரத்தினின்று வாலாஜா ரோடு வரை சென்றது. அதற்கு முன்னர் ஊர்தோறும் காலம் வேறாயிருந்தது. ஞாயிறு உச்சிக்கு வருங்கால் அவ்வூர்க்கு நண்பகல், அவ்வளவே. மாட்டுவண்டிக்கும் பல்லக்கிற்கும் அக்கணக்கு அமையும். ஆனால் ஒரே இருப்புப்பாதையில் எதிரெதிராக வரும் இரண்டு வண்டிகளுக்கு ஊர்தோறும் வேறு கடிகாரம் இருப்பின் விளைவு யாதாகும் என்பதைக் கூறவேண்டுவதில்லை. ஆகவே சென்னை வானாய்வு நிலையத்தின் நேரம் நாடெங்கும் இருப்புப்பாதைகளின் பொதுநேரமாகப் பலகாலம் வழங்கலாயிற்று. பின்னர் 1906-ஆம் ஆண்டு சனவரி முதல் நாளிலிருந்து இந்தியப் பொதுநேரம் நடைமுறைக்கு வந்தது. பழைய சென்னை நேரம் அதனினும் ஏறத்தாழ ஒன்பது நிமிடம் பிந்தியது. நிமிடம் என்னும் நுண்கணக்கை நம் சிற்றூர்களுக்குக் கற்பித்த ஆசிரியர் புகைவண்டியே எனலாம். கற்பித்த ஆசிரியரே வகுப்பிற்குப் பிந்தி வருங்கால் மாணாக்கர்க்கு எழும் மனக்குறைதான், மேடையில் காத்து நிற்கும் பயணிக்கும் எழுகின்றது.

வண்டி ஏன் பிந்துகின்றது? பொறுப்பின்மை ஒன்றே காரணமென வைதுவிடுதல் எளிது. சிறிது உசாவின், காரணங்கள் பலவாதல் விளங்கும். ஒற்றைப்பாதையில் எதிரெதிரே வரும் வண்டிகள் நிலையங்களில் மட்டுமே ஒன்றையொன்று விலகிச் செல்லல் கூடும். ஆகவே ஒரு வண்டி இருபது நிமிடம் பிந்தினால், அதனை எதிர்நோக்கிப் பக்கப்பாதையில் நிற்கும் குற்றமற்ற மற்றொரு வண்டியும் இருபது நிமிடம் இழக்கின்றது. அதனால் மூன்றாவதும் இழக்கின்றது. தீமை செய்தார் ஒருவராகத் துன்புறுவார் பலராதல் உலகியல்பன்றோ? நிலக்கரியும் நெல்லும் சிமெண்டும் சுமக்கும் சரக்கு வண்டிகளும் அப்பாதையிலேயே செல்லல் வேண்டும். பாதை பழுதுபார்க்கப்படும் இடங்களில் வேகத்தைக் குறைத்தே ஓட்டுதல் வேண்டும். காலையில் சென்னை சேர்ந்த பெட்டித்தொடரே தூய்மை செய்யப்பெற்று மாலையில் மீண்டும் தெற்கே புறப்படுவது பெருவழக்கு. ஆதலின் வரவில் நேர்ந்த தாமதம் செலவிலும் தொடரும். இவற்றோடு, உறவினர் ஒருவர் இன்னும் படியேறிக்கொண்டிருக்கின்றார் என்பதற்காக அபாயச் சங்கிலியை இழுக்கும் அன்பர்களும் உளர். அவர்தம் உறவன்பு பாராட்டத்தக்கதே. ஆயின் வண்டியிலுள்ள ஆயிரவரும் அவ்வுறவிற்கு வரி செலுத்த நேர்கின்றது.

குறைகளே கூறிச் செல்லுதல் நன்றியின்மையாகும். சென்னை எழும்பூரினின்று தெற்கே செல்லும் பாதை நெடுங்காலம் ஒரு மீட்டர் அகலமுடைய சிறுபாதையாய் இருந்தது. 1992-இல் தொடங்கிய ஒரேயகலப் பாதைத் திட்டத்தின் வழி அது 1676 மில்லிமீட்டர் அகலமுடைய பெரும்பாதையாயிற்று; பின்னர் மின்மயமாயிற்று; பெரும்பகுதி இரட்டைப்பாதையும் ஆயிற்று. 2023-ஆம் ஆண்டு செப்டம்பர் 24-ஆம் நாள் தொடங்கிய வந்தே பாரத் வண்டி, சென்னைக்கும் திருநெல்வேலிக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ 650 கிலோமீட்டரை எட்டு மணி நேரத்திற்குள் கடக்கின்றது. எம் தந்தையார் மாணாக்கராய் இருந்த காலத்தில், மாலை ஏறியவர் மறுநாள் வெயிலேறிய பின்னரே இறங்குவராம். அக்காலத்துப் பயணத்தை அவர் விரித்துரைக்குந்தோறும், அது பாலைத்திணைக்கு உரியதோ என எமக்குத் தோன்றும்.

இனி, தாமதத்தை அளக்கும் முறையையும் நோக்குவோம். ஒரு வண்டி காலந்தவறாதது என்று எவ்வாறு கூறுகின்றோம்? இறுதி நிலையத்தை அடைந்த நேரத்தைக் கொண்டு கணிப்பின், இடையில் ஒரு மணி நேரம் பிந்தி வந்ததும் காலந்தவறாததாய் எண்ணப்படலாம். ஏனெனில் அட்டவணை வகுப்போர் இறுதிப் பகுதியில் மிகைநேரம் சேர்த்து வைத்தல் உண்டு. அம்மிகையில் தாமதம் கரைந்துவிடும். நள்ளிரவில் சிற்றூர் நிலையத்தில் குளிரில் காத்து நின்றவருடைய ஒரு மணி நேரம் எக்கணக்கிலும் ஏறுவதில்லை. ஒழுங்கிற்குப் பெயர்போன ஜெர்மனியிலும் கணக்கு இத்தகைய சிக்கலுடையதே. அந்நாட்டில் ஆறு நிமிடத்திற்குட்பட்ட தாமதம் தாமதமாகாது என்பது விதி. அவ்விதியின்படியே 2024-ஆம் ஆண்டில் நெடுந்தொலைவு வண்டிகளின் நிறுத்தங்களுள் 62.5 விழுக்காடே காலத்திற்கு நிகழ்ந்தன. முற்றும் ஓடாமல் நிறுத்தப்பெற்ற வண்டிகளோ அக்கணக்கிற் சேர்வதில்லை. வாராத வண்டி பிந்துவதில்லை அன்றோ? தேர்வே எழுதாத மாணாக்கன் தோற்றவனாகான் என்பது போன்றது இது.

மற்றொருபால் ஜப்பானை நோக்குக. 1964-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையே தொடங்கப்பெற்ற விரைவுப்பாதையில், ஆண்டுச் சராசரித் தாமதம் ஓரிரு நிமிடத்திற்குட்பட்டே நிற்கின்றது. அந்நாட்டினர் நம்மினும் விழிப்புடையர் என்று கூறி மகிழ்ந்தோ நாணியோ அமைதல் போதாது. அப்பாதையில் சரக்கு வண்டிகள் செல்வதில்லை. சாலைகள் அதனைக் குறுக்கிடுவதில்லை. நள்ளிரவு முதல் காலை ஆறு மணிவரை ஒரு வண்டியும் ஓடாது, அவ்வேளை முழுதும் பாதையைச் செப்பனிடுதற்கே விடப்படுகின்றது. நம் பாதையோ இரவு முழுதும் உறங்காது. அதன்மீது நாமே உறங்கிக்கொண்டு செல்கின்றோம். ஆகவே நேரந்தவறாமை தனிமனிதர் குணத்தால் மட்டும் அமைவதன்று. அதற்கெனப் பாதையும் பொருளும் ஓய்வும் ஒதுக்குதல் வேண்டும் என்பது தெளிவாகின்றது.

தமிழ் பயில்வார்க்கு இவ்விடத்தில் முல்லைத்திணை நினைவிற்கு வருதல் இயல்பே. கார்காலம் தொடங்குமுன் மீள்வேன் எனத் தலைவன் பருவங்குறித்துப் பிரிகின்றான். கொன்றை பூத்துவிடுகின்றது, முகில் முழங்குகின்றது, அவன் வந்திலன். ஆற்றாளாய தலைவியை நோக்கி, 'இது பருவமன்று. காலமல்லாக் காலத்துப் பெய்த வம்பமாரி. இதனை நம்பிப் பூத்த கொன்றை அறிவிலது' என்று தோழி தேற்றுவதாக ஒரு துறையுண்டு. நிலையத்து ஒலிபெருக்கி, 'வண்டி சிறிது நேரத்தில் வந்து சேரும்' என்று மொழியுந்தோறும் அத்தோழியின் குரலே எமக்குக் கேட்கும். தோழி பொய் கூறினாலும் அன்பினால் கூறினாள். அவள் பொய்யால் தலைவியின் உயிர் தாங்கிற்று. ஒலிபெருக்கியின் பொய்யால் தாங்கப்படுவது யாது என்பதை யாம் ஒருமுறை எண்ணிப் பார்க்க நேர்ந்தது. அதனைக் கூறுவோம்.

சென்ற ஆண்டு ஆவணித் திங்களில் ஒருநாள் நண்பகலில் எம் ஆச்சி இறந்துபட்டார் என்னும் செய்தி விடுதிக்கு வந்தது. மறுநாள் காலை பத்து மணிக்கு அடக்க ஆராதனை எனக் குறித்திருந்தனர். அன்றிரவு வண்டியில் முன்பதிவில்லாப் பெட்டியில் ஏறினோம். அட்டவணைப்படி காலை ஆறரை மணிக்கு இறங்கி, ஒரு மணி நேரத்தில் வீட்டை அடைந்திருத்தல் வேண்டும். விடியற்காலை நான்கு மணியளவில் ஒரு சிறு நிலையத்தில் வண்டி நின்றது. வண்டியின் பெயரும் நிலையத்தின் பெயரும் ஈண்டு வேண்டா. ஐந்து மணிக்கு, 'இன்னும் அரை மணியில் புறப்படும்' என்றனர். ஆறு மணிக்கும் அரை மணி என்றனர். ஏழு மணிக்கும் அவ்விடையே. எம் கைப்பேசியிலோ வண்டி நில்லாது ஓடிக்கொண்டிருந்தது!

ஒவ்வொரு முறையும் அப்பா தொலைபேசியில், "எய்யா, எங்கே வந்திருக்கிறாய்?" என்று வினவினார். 'அரை மணியில் புறப்படுமாம்' என்று எமக்குக் கூறப்பட்டதையே யாமும் கூறினோம். அதனைக் கேட்டு ஆங்கு அடக்கத்தைப் பத்து மணியிலிருந்து பத்தரைக்குத் தள்ளினர். பின் பதினொன்றுக்குத் தள்ளினர். சேகரத்துக் குருவானவர்க்கு நண்பகலில் வேறோர் ஊரில் ஆராதனை இருந்தது. வெளியூர் உறவினர் பந்தலில் காத்திருந்தனர். அதற்குமேல் யாரைத்தான் நிறுத்தி வைப்பது? யாம் ஊருக்குள் நுழைந்தபொழுது, கல்லறைத் தோட்டத்தினின்று மக்கள் திரும்பி வந்துகொண்டிருந்தனர். குழந்தைப் பருவத்தில் எம்மை மடியிலிருத்திக் கதை சொன்ன அம்முகத்தை இறுதியாகக் காணும் பேறு எமக்கு வாய்த்திலது.

அன்று மாலை அப்பா கூறிய சொல் எம் நெஞ்சில் நிலைத்துள்ளது. "வண்டி பிந்தியதைக் குறை சொல்லவில்லை. நாலு மணி நேரம் ஆகும் என்று விடியற்காலையிலேயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், சாயங்காலம் நாலு மணிக்கு வைத்திருப்போம். ஐயரும் சரியென்றிருப்பார். அரை மணி, அரை மணி என்றதனால்தானே எல்லாம் கெட்டது?"

அத்தாமதத்தின் காரணத்தை மறுநாள் அறிந்தோம். இரவில் விளக்கேந்திப் பாதையைப் பார்த்து நடந்த தொழிலாளி ஒருவர் தண்டவாளத்தில் விரிசல் ஒன்றைக் கண்டு அறிவித்தனராம். அதனைச் செப்பனிடும்வரை வண்டியை நிறுத்தியிருந்தனர். இதனை அறிந்தபின் எம் சினத்தின் பெரும்பகுதி தணிந்தது. ஆயினும் ஒரு பகுதி முன்னினும் உறுதியாயிற்று. வண்டியை நிறுத்தியது முற்றிலும் முறையே. வண்டியுள் இருந்தாரெல்லாம் அத்தொழிலாளிக்கு உயிர்க்கடன் பட்டவர். அக்காரணத்தை மறைத்து அரைமணிக் கணக்கு உரைத்ததே முறையன்று. 'பாதையில் விரிசல், செப்பனிட நெடுநேரமாகும்' என்னும் ஒரு வாக்கியத்தை உரைத்தற்குப் புதுப்பாதை வேண்டுவதில்லை, பெரும்பொருளும் வேண்டுவதில்லை.

எனவே நம்பத்தக்க பயணம் என்பதனுள் மூன்று உறுதிகள் அடங்கியுள என்பது எம் கருத்து. உயிரோடு சேர்ப்போம் என்பது ஒன்று. நடந்ததை மறையாது உரைப்போம் என்பது ஒன்று. குறித்த நேரத்தில் சேர்ப்போம் என்பது ஒன்று. இவற்றுள் மூன்றாவதையே நாம் பெரிதும் பேசுகின்றோம். ஆயின் முதலாவதற்கு இடையூறு வருங்கால் மூன்றாவது விலகி வழிவிடல் வேண்டும்.

இதற்கு நம் தென்னாட்டுப் பாதையே சான்று தரும். 1956-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் நாள் விடியற்காலையில், சென்னையினின்று தூத்துக்குடி சென்ற விரைவு வண்டி அரியலூர்க்கு அருகே மருதையாற்றுப் பாலத்தில் வெள்ளத்திற்கு இரையாயிற்று. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அந்நாள் இருப்புப்பாதை அமைச்சராயிருந்த லால் பகதூர் சாஸ்திரியார் அதற்குப் பொறுப்பேற்றுப் பதவி துறந்தார். 1964-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் இரவு, பாம்பனினின்று தனுஷ்கோடி சென்ற பயணி வண்டியைப் புயலும் கடலும் கொண்டன. அவ்விரு வண்டிகளும் சிறிது நேரம் நின்றிருப்பின் எத்துணைக் குடும்பங்கள் வாழ்ந்திருக்கும்!

இவற்றோடு 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ஆம் நாளை ஒப்பிடுக. அன்றிரவு திருச்செந்தூரினின்று சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் விரைவு வண்டி, பெருமழையால் ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தப்பட்டது. அப்பெருமழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவு பதிவாயிற்று. நிலையத்திற்கு அப்பால் பாதையின் கீழிருந்த சல்லிக்கற்களை வெள்ளம் அரித்துச் செல்ல, தண்டவாளங்கள் அந்தரத்தில் தொங்கின. வண்டி நில்லாது சென்றிருப்பின் நேர்ந்திருக்கக் கூடியதை எண்ணவும் நெஞ்சு நடுங்கும். அதிலிருந்தோர் ஏறத்தாழ 800 பேர். ஒரு பகுதியினர் அருகிலிருந்த பள்ளியில் தங்கவைக்கப்பட்டனர். ஏனையோர் நீர் சூழ்ந்த நிலையத்திலேயே இருந்தனர். தம் வீடுகளிலும் வெள்ளம் புகுந்திருக்க, அண்டையூர் மக்கள் அவர்களுக்குச் சோறு சமைத்தளித்தனர். டிசம்பர் 19-ஆம் நாள் அனைவரும் மீட்கப்பட்டு, வாஞ்சி மணியாச்சியினின்று சிறப்பு வண்டியில் சென்னைக்கு அனுப்பப்பெற்றனர். அட்டவணையின்படி நோக்கின் அவ்வண்டியினும் பிந்திய வண்டி இல்லை. முதல் உறுதியின்படி நோக்கின், அதனினும் நன்கு சொற்காத்த வண்டி எது?

பயணச்சீட்டின் நிலையையும் ஒருசிறிது கூறுதல் வேண்டும். முன்பதிவு செய்யும் காலம் 120 நாளாயிருந்தது, 2024-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளிலிருந்து 60 நாளாயிற்று. கிறிஸ்துமஸ், பொங்கல் விடுமுறைக்கான இடங்கள் திறந்த சில நிமிடங்களில் நிரம்பிவிடுகின்றன. நம் தேர்வு நாட்களோ அறுபது நாட்கு முன்னர்த் தெரிவதில்லை. காத்திருப்போர் பட்டியலில் எண்பதாம் இடம் பெற்றவனுக்கு வண்டி வருமோ என்னும் ஐயமில்லை. தான் அதில் வருவானோ என்பதே ஐயம். முன்பதிவில்லாப் பெட்டியில் கழிப்பறை வாயிலில் கைக்குழந்தையோடு அமர்ந்து வரும் தாய்மாரை யாம் பன்முறை கண்டுள்ளோம். அவர்க்கு ஒரு மணி நேரத் தாமதம் என்பது, காற்றாடிப் பெட்டியில் போர்வைக்குள் உறங்குவார்க்கு நேரும் ஒரு மணி நேரம் அன்று. தாமதத்தைக் கணிப்பார் அவ்வேறுபாட்டையும் கருதுவாராக.

இம்மலரைப் படிக்கும் பழைய மாணவருள் இருப்புப்பாதைப் பணியில் இருப்பாரும் உளராதல் கூடும். அவர்கட்கு எம் விண்ணப்பம் ஒன்றே. விரைவுபடுத்தும் ஆற்றல் ஒருவர் கையில் இல்லை; இரட்டைப்பாதை அமைக்கும் பொருளும் ஒருவர் கையில் இல்லை. வண்டி நிற்கும்பொழுது அது ஏன் நிற்கின்றது, எத்துணை நேரம் நிற்கக்கூடும் என்று தெரிந்த அளவில் உரைத்தல் அவ்வந்நிலையத்தில் இருப்பவர் கையிலேயே உள்ளது. தெரியாவிடின் தெரியவில்லை என்று உரைப்பினும் அமையும். பெட்டியுள் இருப்பவர் சிறு பிள்ளைகள் அல்லர். மெய்யைக் கேட்டு அதற்கேற்பத் தம் காரியங்களை ஒழுங்குசெய்ய வல்லவர்களே.

எம் தோழர்கட்கும் ஒரு சொல். நாற்பது நிமிடம் பிந்தியமைக்காக ஓட்டுநரை வைவதற்கு முன், இரவெல்லாம் விளக்கேந்தி மழையிலும் பனியிலும் பாதையோரம் நடக்கும் அத்தொழிலாளியை ஒருகால் நினைப்போமாக. அடுத்த விடுமுறைக்கு நாம் ஏறும் வண்டிக்கு முன்னும் அவருள் ஒருவர் நடந்து சென்றிருப்பார்.